அன்று நான் கேட்காதது

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டுக் குழந்தை தங்காமல் போனதைச் சொன்னார், அதை நீ என்னிடம் சொன்னபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னார். கோபத்தில் கிழித்துப் போடாமல் இதை முழுசாகப் படி.

கண்ணு, எனக்குக் காது கேட்பதில்லை. இரண்டு வருஷமாக இப்படித்தான். இருபத்தெட்டு வருஷம் நூல் மில் இரைச்சலில் நின்றவளுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கே யார் கத்தினாலும் காதில் விழாது, வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் எதிரே நிற்பவர்களின் உதட்டைப் பார்த்தே இத்தனை நாள் சமாளித்துவிட்டேன். போனில்தான் மாட்டிக்கொள்வேன். நீ வேலைக்கு நடந்துகொண்டே கூப்பிடுவாய், முகம் தெரியாது, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடிபடும் சொல்லை வைத்து மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது குழந்தை என்ற ஒரே சொல். நாலாம் மாசம் ஆயிற்றே, டாக்டர் நல்லதாக ஏதோ சொல்லியிருப்பார் என்று நினைத்து, ரொம்ப சந்தோஷம்டா கண்ணு, இனிமே ஒரு கவலையும் இல்லை என்றேன். நீ வைத்துவிட்டாய். லைன் கட்டாகிவிட்டது என்று நான் துணி காயப்போடப் போனேன். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். மில்லில் என் பக்கத்து மெஷினில் ஒரு அக்கா இருந்தார், காது சுத்தமாகப் போய்விட்டது, எல்லோரும் அவருக்கு டமாரம் என்று பேர் வைத்தோம். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் பேர் எனக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்தேன், வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளை பேசி முடித்ததும் அப்பா நேராக அடுப்படிக்கு வந்து, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா என்று கேட்டார். அவர் வாயிலிருந்துதான் நடந்ததெல்லாம் தெரிந்துகொண்டேன். தரையிலேயே உட்கார்ந்து, காது விஷயத்தைப் போட்டு உடைத்தேன். மனுஷன் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம், ரெண்டு வருஷமா நீ என் பேச்சை மதிக்கிறதில்லைன்னு நெனச்சு உள்ளுக்குள்ள புழுங்கிக்கிட்டு இருந்தேன்டி என்றார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிப்போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே மெஷினைத் திருகுகிற பெண்ணின் கையைப் பார்த்துப் பார்த்து நான் சரியாக அமுக்கினேன், திருட்டுப் புத்தி அங்கேயும் விடவில்லை. அவள் உள்ளே வந்து, சிரித்துக்கொண்டே, என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் நான் பொத்தானை அமுக்கவே இல்லை. ஏமாற்ற ஆளில்லாமல் அப்படி உட்கார்ந்திருந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

இப்போது காது மெஷின் போட்டிருக்கிறேன். கரண்டி விழுந்தால் இடி விழுந்த மாதிரி தூக்கிவாரிப் போடுகிறது, அப்பா முறுக்கு கடிக்கிறது பக்கத்து வீடுவரை கேட்கும் போலிருக்கிறது. ஆனாலும் போன் குரல் தெளிவாக விழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன காது திரும்பாதாம். பரவாயில்லை, எதிர்வீட்டம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன், எனக்குக் காது கேக்காது, முகத்தைப் பாத்துப் பேசுங்க என்று. முதல் தடவை சொல்லத்தான் நாக்குப் புரளவில்லை.

உன்னிடம் மன்னிப்பு கேட்பதைவிட எனக்கு ஒன்று வேண்டும். அன்றைக்கு நீ சொன்னதை அம்மா இன்னும் கேட்கவில்லை, மாப்பிள்ளை சொல்லி அப்பா சொன்னதுதான் தெரியும். உனக்குத் தெம்பு வந்ததும் வீடியோவில் கூப்பிட்டு, என்னிடம் முதலிலிருந்து சொல். எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன்.

உடம்பும் மனசும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையும் இதில் அழுதிருப்பார், அவரையும் பார்த்துக்கொள். கூப்பிடும்போது வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார். அழுகை வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வது உன் சின்ன வயசுப் பழக்கம். பொத்தாதே கண்ணு. அம்மா பார்க்க வேண்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா