நாலு படி தவிடு

பிப்ரவரி 6, வியாழன்

பேத்தி இன்று அவள் அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நாலு வயது. இது அம்மா, இது அப்பா, இது தாத்தா என்று விரல் வைத்துக்கொண்டே வந்தவள் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். "நான் எங்க?"

நீ அப்போது பிறக்கவில்லை என்றாள் என் மகள். பிறக்கவில்லை என்றால் எங்கே இருந்தேன் என்று அடுத்த கேள்வி. எங்கேயும் இல்லை என்ற பதில் அவளுக்குச் செல்லுபடியாகவில்லை. எல்லோரும் சேர்ந்து தன்னை மட்டும் எங்கோ விட்டுவிட்டுப் போய்ச் சிரித்திருக்கிறோம் என்றே நினைத்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உன்னை அப்புறமாத்தான் தவிட்டுக்கு வாங்கினோம்" என்றேன். வீடு இரண்டுபட்டது.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பட்டம் இத்தனை வருஷமாக எனக்குத்தான். அக்கா என்னைக் கூப்பிடுவதே 'தவிடு' என்றுதான். "நாலு படி கொடுத்து வாங்கினோம். கொஞ்சம் அதிகம்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். நானும் இப்படித்தான் அழுதேன். மறந்துபோயிருந்தது.

பிப்ரவரி 8, சனி

அக்காவுக்கு இதய வால்வை மாற்றியாக வேண்டுமாம். 25ஆம் தேதி. அறுபத்தாறு வயது, சர்க்கரை வேறு. டாக்டர் பூசி மெழுகவில்லை. பத்தில் மூன்று பேருக்குக் கஷ்டம் என்று நேராகவே சொல்லிவிட்டார்.

அத்தான் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கையெழுத்து நான்தான் போட்டேன். 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதும்போது கை ஒரு நொடி நின்றது.

ஏன் நின்றது? ஐம்பத்தேழு வயதில் என்ன கேள்வி இது?

பிப்ரவரி 11, செவ்வாய்

சந்தையில் பதினோரு தராசுகள் பார்த்தேன். எந்தக் கடையிலும் முதலில் வெறும் தட்டைத்தான் பார்ப்போம். ஒன்றும் வைக்காதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதற்குப் பிறகு நிறுத்தது எதுவும் சரியில்லை. முப்பத்திரண்டு வருஷமாக எடையளவு இன்ஸ்பெக்டராக ஊரார் பூஜ்யத்தைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். என்னுடையதைப் பார்த்ததே இல்லை.

வீட்டில் சொன்னேன். "ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஞானம் வந்துடுச்சா?" என்றாள் என் மனைவி.

பிப்ரவரி 16, ஞாயிறு

பழைய பெட்டியைக் கிளறினேன். அப்பா, அம்மா, அக்கா மூவரும் இருக்கிற படங்கள் எட்டு. அப்புறம் திடீரென்று நான், நடக்கிற வயதில், அக்கா இடுப்பில். நடுவில் ஒன்றுமே இல்லை. அம்மா வயிறும் பிள்ளையுமாக ஒரு படம்கூட இல்லை. எங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். என் மூக்கு வீட்டில் யாருக்கும் இல்லை. இதையெல்லாம் சின்ன வயதிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். கேட்கத்தான் பயம். அப்பா அம்மா இருந்தவரை கேட்கவில்லை. நான் வந்த நாளைப் பார்த்தவர்களில் இப்போது அக்கா மட்டும்தான் மிச்சம்.

அந்த வாடகை வீட்டு மாடிப்படி நினைவுக்கு வருகிறது. ஐந்தாவது படியில் ஓர் உடைசல். பள்ளிவிட்டு வந்ததும் அங்கேதான் உட்காருவோம். அவள் எனக்குத் தலை வாரி விடுவாள், காது சிவக்கிற அளவுக்கு அழுத்தி. ஒருநாள் கேட்டேன், எல்லாவற்றுக்கும் முன்னால் என்ன இருந்தது என்று. வானம், பூமி, கடல், எதுவுமே இல்லாதபோது. சீப்பை நிறுத்தாமல் சொன்னாள்: "எல்லாத்துக்கும் முன்னாடி நான் இருந்தேன். அப்புறம் நீ வந்தே. அவ்வளவுதான்டா."

அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். வெடிப்பு, வாயு, கோடானுகோடி ஆண்டுகள். அந்தப் படியில் உட்கார்ந்து கேட்டதைப் போல எதுவும் மனதில் ஒட்டவில்லை.

அவள் போய்விட்டால்? எல்லாவற்றுக்கும் முன்னால் என்ன இருக்கும்?

பிப்ரவரி 17, திங்கள்

அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்கவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 22, சனி

கேட்டுவிட்டேன். என்ன பேச்சுக்கு நடுவில் என்றுகூட நினைவில்லை. "அக்கா, என்னை நெஜமாவே எங்கேருந்தாவது எடுத்து வளர்த்தீங்களா? இப்ப சொன்னா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷமா இதையா மனசுல வச்சிருந்தே என்றாள். பிறகு சொன்னாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

அவளுக்கு ஒன்பது வயது. பக்கத்துப் பால்காரம்மா விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தவிட்டுக்குத்தான் தருவார்கள் என்று. இவள் நம்பிவிட்டாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, பால்காரம்மா வீட்டு மூட்டையிலிருந்து தவிட்டை அளந்து தலையணை உறையில் கட்டிக்கொண்டு தனியாக நடந்தே போயிருக்கிறாள். சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு நர்ஸ் வந்து என்ன மூட்டை என்று விசாரித்திருக்கிறார். இவள் பிரித்துக் காட்டியிருக்கிறாள். அந்தப் புண்ணியவதி சிரிக்கவில்லை. கையை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது, வா என்று உள்ளே கூட்டிப்போய் என்னைக் காட்டினாராம்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியாம இருந்துச்சுடா. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் பிழைப்பாங்கன்னு அப்பா பேசினது காதுல விழுந்துச்சு. அதான் நாலு படி. ரெண்டு உனக்கு, ரெண்டு அம்மாவுக்கு."

அம்மா பிழைத்தெழ ஒரு வருஷம் ஆனதாம். படம் எடுக்க யாருக்கு மனசு இருந்தது என்றாள். மூக்கு? அது அப்பாவின் அம்மாவுடையதாம்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் பழைய முத்திரைப் படி ஒன்று இருக்கிறது. பித்தளை. இப்போது யாரும் தொடுவதில்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். திருட்டுத்தான். இந்த வாரமே திருப்பி வைத்துவிடுவேன்.

மாட்டுத் தீவனக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். போன வருஷம் அவர் தராசுக்கு முத்திரை போட மறுத்தவன் நான். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்று தானாகவே தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். பித்தளைப் படியை நீட்டி, இதில் நாலு படி தவிடு வேண்டும் என்றேன். பொறியில் மாட்ட வைக்கிறேன் என்று நினைத்திருப்பார். குவித்து அளந்தார். தலைதட்டி அளக்கச் சொன்னேன். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். "வரேன் தவிடு" என்றாள்.

காத்திருக்கும் அறைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்தேன், மடியில் தலையணை உறை. என்ன மூட்டை என்று காவலாளி கேட்டார். தவிடு என்றேன். மாட்டுக்கா என்றார்.

"இல்லைங்க. எங்க அக்காவுக்கு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை. என் மனைவி டீ வாங்கிவந்தாள். வழக்கமாக ஏதாவது சொல்லியிருப்பாள். மூட்டை நழுவாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு மணி நேரம். எங்கிருந்து வந்தோம், எதற்காக வந்தோம் என்று ஒன்றும் யோசிக்கவில்லை. வாசலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வயதில் அவளும் இதைத்தானே செய்திருப்பாள்.

பிப்ரவரி 27, வியாழன்

அக்கா தொண்டையிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். பேசலாம், ஆனால் கொஞ்சமாக என்றார் நர்ஸ். நான் வாசலில் உட்கார்ந்திருந்த கதையை என் மனைவி அதற்குள் வத்தி வைத்துவிட்டாள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"எத்தனை?"

நாலு விரலைக் காட்டினேன்.

"எனக்கு ரெண்டு போதுமேடா."

"மத்த ரெண்டு எனக்கு" என்றேன்.

சிரித்துவிட்டாள். தையல் இழுத்து முகம் சுளித்தாள். நோயாளியைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.