கொக்கேரிக் குளத்துக் காட்டாமணக்கைப் பயிராகக் கொண்டது குறித்து

அனுப்புநர்:
ரா. சத்தியபாய்,
கொக்கேரிவிளை, தோவாளை வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர்,
செயற்கைக்கோள் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவு,
நாகர்கோவில்.

பொருள்: எங்கள் ஊர் பச்சையாக இருப்பதாகத் தாங்கள் அறிவித்ததை மறுத்தும், மூன்று நாள் கால்வாய்த் தண்ணீர் வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தரையில் காய்ந்து நிற்கும் நெல்லை, வானத்திலிருந்து பார்ப்பவருக்குக் காய்ந்ததென்று எப்படி நிரூபிப்பது? தாவரவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

1. எங்கள் ஊர் கால்வாயின் கடைமடை. பன்னிரண்டு ஏக்கரில் கன்னிப்பூப் பருவ நெல், கதிர் வெளிவரும் முன் பொதிகட்டி நிற்கிறது. பதினெட்டு நாளாகத் தண்ணீர் இல்லை. வயல் வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை இறங்குகிறது. இந்த வாரமும் தண்ணீர் வராவிட்டால் கதிர் வரும், மணி இருக்காது.

2. வறட்சிப் பட்டியலில் உள்ள ஊர்களுக்கே முறைத் தண்ணீர் என்று உத்தரவு. நாங்கள் பட்டியலில் இல்லை. காரணம் கேட்டு வந்தபோது தங்கள் உதவியாளர் அபிலாஷ் மரியாதையாக நாற்காலி தந்து, கணினியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் ஊர் கரும்பச்சையாக இருந்தது. "ஒங்க ஊருதான் மேடம் இந்தத் தாலூகாவிலயே செழிப்பு" என்று பாராட்டவும் செய்தார்.

3. அந்தப் பச்சை நெல் அல்ல. வற்றிய கொக்கேரிக் குளத்தில் இருபத்தைந்து ஏக்கருக்கு மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்கு. மாடுகூடத் தின்னாத செடி. ஊர் முழுவதற்கும் ஒரே சராசரி எடுப்பதால் அதன் ஆரோக்கியம் எங்கள் நெல்லுக்கும் சேர்ந்துவிட்டது. அதையும் பயிராகவே கருதுவதானால், எந்த மாதம் அறுக்கவேண்டும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

4. பக்கத்து வயல்காரர் நேசபாயிடம் இதை விளக்கினேன். "ஏட்டி, அவ்வளவு ஒசரத்துல நின்னா எல்லாம் பச்சையாத்தான் தெரியும். ஒருக்கா கீழ எறங்கி வந்து பாக்கச் சொல்லு மக்கா" என்றார். செயற்கைக்கோள் இறங்காது என்று சொல்லிவிட்டேன். தாங்கள் இறங்கலாம். ஜீப் தேவையில்லை, பஸ் நிறுத்தத்திலிருந்து ஏழு நிமிட நடை.

5. நாளை காலை பத்தரைக்குச் செயற்கைக்கோள் மீண்டும் எங்களைக் கடக்கும் என்று அபிலாஷ் கூறியதால், ஊரார் ஜேசிபி வைத்து மூன்று நாளில் காட்டாமணக்கை அகற்றிவிட்டோம். கல்யாணப் படத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம். வறட்சிப் படத்துக்கும் செய்திருக்கிறோம்.

ஆகவே, நாளைய படத்தைப் பார்த்தோ, வயலை நேரில் பார்த்தோ, மூன்று நாள் மட்டும் கால்வாய் ஷட்டரைத் திறக்கப் பரிந்துரைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது வழி விரைவானது.

இடம்: கொக்கேரிவிளை
நாள்: 19.08.2024

இப்படிக்கு,
ரா. சத்தியபாய்

கூடுதல் குறிப்பு, 20.08.2024 (நேற்றைய மனுவுடன் சேர்த்துக்கொள்ளவும்):

இன்று காலை பத்து மணிக்கு மேற்கிலிருந்து மேகம் வந்து ஊரை மூடியது. பன்னிரண்டு மணிக்குக் கலைந்தது. ஒரு துளியும் விழவில்லை. மேகத்தால் படம் கிடைக்கவில்லை என்றும், அடுத்த படம் வரும்வரை பழைய பச்சையே செல்லும் என்றும் மூன்று மணிக்கு அபிலாஷ் தொலைபேசியில் தெரிவித்தார். அதைக் கேட்டுவிட்டு நேசபாய் தன் இரண்டு பசுக்களையும் வயலில் இறக்கினார். அவருடைய அறுபது சென்டுக்கு இனித் தண்ணீர் வேண்டியதில்லை.