தோளில் இருக்கும் கை

மாமா,

போன வாரம் மழை தொடங்கிவிட்டது. அப்பா ஏணியைச் சாய்த்து மேலே ஏறி உங்களை விரித்தார்.

உங்களை என்றால், உங்கள் ஃப்ளெக்ஸை. எங்கள் மேலறைக்குப் பாதிதான் தகரம், மீதிப் பாதி மூங்கில் சட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் அதற்கு ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும். தாராவியில் யார் போனாலும் சந்து முனையில் கண்ணீர் அஞ்சலி கட்டுவோம். துக்கம் முடிந்ததும் அது சுருண்டு பரணுக்குப் போகும், மழைக்கு யாருடைய கூரையிலாவது வெளியே வரும். உங்களுடையதை அத்தை எங்களுக்குத் தந்தாள். "படம் உள்பக்கமா இருக்கட்டும்ப்பா" என்று நான்தான் சொன்னேன். அதனால் இப்போது நான் இயற்பியல் படிப்பதுபோல் நடிக்கும் மத்தியான நேரம் முழுக்க, நீங்கள் மேலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். விக் இல்லை, மப்ளர் இல்லை, மொட்டைத் தலை. உங்கள் இடது தோளில் ஒரு கை. அந்தக் கைக்கு மேலே உள்ள ஆளை நான் வெட்டிவிட்டேன்.

மழை பெய்தால் ஃப்ளெக்ஸிலிருந்து பெட்ரோல் போல ஒரு வாடை இறங்குகிறது. அந்த வாடையில்தான் இதை எழுதுகிறேன்.

நம் சந்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எனக்கு வாலு. டியூஷன் வாத்தியாரின் போனில் அலாரத்துக்குக் கழுதைக் குரலை வைத்த நாளிலிருந்து அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். உங்களுக்கு மப்ளர். பகலில் ஜீன்ஸ் பட்டறையில் இஸ்திரி, கல்யாண சீசனில் மேடை. வெள்ளை மப்ளரும் நெற்றியில் ஒரு சுருள் முடியுமாக, எப்போதோ செத்துப்போன அந்தத் தமிழ் நாயகனுக்கு நீங்கள் டூப்ளிகேட். விசிட்டிங் கார்டில்கூட 'மும்பை மப்ளர்' என்றுதான் இருந்தது.

"டூப்ளிகேட்டா, டூ பிளேட்டா மாமா? பந்தியில ரெண்டு தடவ உக்காருறீயளே" என்று கேட்டால், "ஏட்டி, ஒரு பிளேட்டு எனக்கு, இன்னொண்ணு அவருக்கு. செத்த மனுசனுக்கும் பசிக்கும்லா" என்பீர்கள். அப்போது சிரித்தேன். இப்போது அந்த வரி சிரிக்க விடுவதில்லை.

நீங்கள் ஓயாமல் சொன்ன செம்பூர்க் கதை ஒன்று உண்டு. இருபது வயதில் அங்கே ஒரு ஸ்டூடியோவில் விளக்குத் தூக்கியிருக்கிறீர்கள். ஒரு தளத்தில் உங்கள் மப்ளர் நாயகன். பக்கத்துத் தளத்தில் கோட்டுப் பையில் சிவப்புக் கைக்குட்டை எட்டிப் பார்க்கும் அந்த இந்தி நாயகன். ஒரு மாதம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இருவரும் சந்திக்கவே இல்லை. கடைசி நாள், ஒருவர் கார் வெளியே வர, மற்றவர் கார் உள்ளே போக, கேட்டில் இரண்டும் உரசுகிற மாதிரி நின்றன. சிவப்புக் கைக்குட்டைக்காரர் கண்ணாடியை இறக்கிக் கையைத் தூக்கினார். உங்கள் ஆள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"தூக்குன கை அப்படியே நிக்கி. எனக்கு மனசு கேக்கல. கேட்டோரம் நின்ன நான் பதிலுக்குத் தூக்கிட்டேன். அவரு சிரிச்சிட்டு, உன் பேரு என்னன்னு இந்தியில கேட்டாரு. சொன்னேன். அவ்வளவுதான், கார் போயிட்டு."

"ரீலு மாமா. அந்து போற ரீலு."

"ஏட்டி, போ."

இத்தனை முறை கேட்டும், "என்ன பேர் சொன்னீங்க?" என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு உறைத்தது பிற்பாடுதான்.

சந்திக்காத இருவரைச் சந்திக்க வைக்கலாம் என்பது என் குறும்பு. சிவப்புக் கைக்குட்டைக்கு டூப்ளிகேட், டோம்பிவிலிக்காரர் ஒருவர் இருந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, அச்சகத்தில் வேலை பார்த்து, காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கு இடது கையின் கடைசி இரண்டு விரல்களைக் கொடுத்தவர். மேடையில் அந்தக் கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வராது. அதையே ஸ்டைல் என்று ஜனங்கள் விசிலடிப்பார்கள். நீங்கள் இருவரும் பத்து மேடையாவது சேர்ந்து ஏறியிருப்பீர்கள். அவருக்கு நீங்கள் மப்ளர், உங்களுக்கு அவர் கைக்குட்டை. பெயர் யாருக்கு வேண்டும்?

திட்டம் எளிது. போன வருஷம் ஜூலையில் ஒரு மத்தியானம், மூன்று மணி, மாட்டுங்காவில் ஒரு காப்பிக் கடை. செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் தற்செயலாக ஒரே மேசையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். நான் இரண்டு மேசை தள்ளி, மெனு கார்டுக்குப் பின்னால் போனை ஒளித்து வீடியோ எடுக்கிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் முழிப்பதைப் படம் பிடிப்பதுதான் தமாஷே.

அன்றைக்கும் மழை. நீங்கள் முன்பே வந்து பிளாஸ்டிக் பைக்குள் பத்திரப்படுத்தியிருந்த விக்கை மாட்டிக்கொண்டீர்கள். மூன்றடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது அவர் வந்தார். கோட்டு, சிவப்புக் கைக்குட்டை, மெல்லிய மீசை. இத்தனை மழையில் கோட்டு நனையவில்லை என்பதை அப்போது நான் மேக்கப் திறமை என்று நினைத்தேன். பாருங்கள் என் புத்தியை.

அவர் உங்கள் எதிரே உட்கார்ந்தார். ஆவி பறக்க இரண்டு காப்பி வந்தது. அவர் உங்களை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவின் இனிஷியலோடு.

போனில் அது தெளிவாகப் பதிந்திருக்கிறது. அந்தக் கணத்தில் உங்கள் முகம் மாறியதும் பதிந்திருக்கிறது, ஸ்கூலில் ஆஜர் சொல்லப்போகும் பையன் மாதிரி. பிறகு அவர் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: அடுத்த ஷோவுக்கு வேஷம் வேண்டாம், அப்படியே வா. நீங்கள் விக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்கள். மப்ளரையும். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தீர்கள். அவர் எழுந்து, இடது கையை உங்கள் தோளில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, கை அலம்பும் பக்கம் போனார்.

என் போன் அடித்தது. டோம்பிவிலிக்காரர்.

"கொழந்தே, நான் இன்னும் குர்லாவிலதான் மாட்டிண்டிருக்கேன். தண்டவாளம் பூரா தண்ணி, வண்டி நகரவே இல்ல. மப்ளர காப்பி ஆறறதுக்குள்ள குடிக்கச் சொல்லு, எனக்காகக் காத்திண்டிருக்க வேண்டாம்."

நான் கை அலம்பும் இடத்துக்கு ஓடினேன். ஒரு வாஷ்பேசின், ஒரு கண்ணாடி, பிறகு சுவர். கடைப் பையனைக் கேட்டேன். "அவர் இன்னும் வெளிய வரலியே, உள்ளதானே இருக்கார்" என்றான். மேசைக்குத் திரும்பினேன். உங்கள் தம்ளர் சூடாக இருந்தது. அவருடையது காலையிலிருந்து அங்கேயே இருப்பதுபோல் ஏடு கட்டிக் கிடந்தது.

"மாமா, வந்தது அவரில்ல. அவர் குர்லாவுல இருக்கார்."

"ஏட்டி, உன் வெளையாட்ட எங்கிட்டயே காட்டுதியா?"

"சத்தியமா மாமா."

"போன வாரமும் சத்தியமாத்தான் சொன்ன, பட்டறையில பாம்புன்னு."

சொன்னேன்தான். வருஷக்கணக்காகப் பொய்க்குச் செலவழித்த சத்தியம், தேவைப்பட்ட அன்றைக்குக் கையில் இல்லை. நீங்கள் மப்ளரைப் பையில் மடித்து வைத்துக்கொண்டே, "யாரா இருந்தா என்ன, பேரச் சொல்லிக் கூப்பிட்டாருட்டி. எத்தன வருசமாச்சு" என்றீர்கள். இரண்டு காப்பிக்கும் நானே காசு கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அதன்பிறகு வந்த கல்யாண ஆர்டரை நீங்கள் வேண்டாமென்று சொன்னீர்கள். விக்கை அத்தையிடம் கொடுத்து, பாத்திரம் தேய்க்க ஆகுமா பார் என்றீர்களாம். மூன்றே வாரம். பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், நீங்கள் தேய்த்த சட்டையைப் போட்டு, தலையை நிமிர்த்தி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்களாம். யாரோ வண்டி கொண்டு வருகிறார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி இருந்ததாம். சொன்னவர் அழுதுகொண்டே சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த ஷோ, அடுத்த ஷோ என்று காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அழைப்பிதழ் வைத்தது நான்தானோ மாமா?

பிறகு அந்த ஃப்ளெக்ஸ் கூத்து. கடைக்காரனிடம் யாரோ உங்கள் விசிட்டிங் கார்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் படம் தெளிவாக இல்லையென்று அவன் நெட்டில் தேடி, நல்ல படமாக எடுத்துப் போட்டுவிட்டான். சாயங்காலம் சந்து முனையில் பத்தடி உயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி எழுந்து நின்றது. மேலே அந்த நிஜ நாயகன் பல்லைக் காட்டிக்கொண்டு, கீழே 'மப்ளர்'. உங்கள் மூக்கு நுனிகூட அதில் இல்லை. நடந்து போனவன் ஒருவன், "இவர்தான் எப்பவோ செத்துட்டாரே, மறுபடியுமா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அத்தை மெதுவாகத்தான் கேட்டாள். "ஏட்டி வாலு, சாவுலயுமா வெளையாடுவ?"

நான் செய்யவில்லை என்று அவளிடமும் சத்தியம் செய்யவில்லை. கிடங்கில் இருப்பு இல்லை என்று தெரியுமே. "படம் ஒண்ணு தாங்க அத்தை, மாத்திப் போடுதேன்" என்றேன். ஒரு டிரங்குப் பெட்டி முழுக்கத் தேடினோம். கல்யாண ஃபோட்டோவில்கூட மப்ளரும் சுருள் முடியுமாக அந்த வேஷம்தான் மாமா. உங்கள் சொந்த முகம் எங்குமே இல்லை, என் போனைத் தவிர.

அந்த வீடியோவை நான் யாருக்கும் காட்டியிருக்கவில்லை. போட்டிருந்தால் ஊரே பார்த்திருக்கும், தெரியும். விக் இல்லாமல் நீங்கள் சிரிக்க, அவர் கை தோளில் இருக்கிற அந்த நொடியில் நிறுத்திப் படமாக்கினேன். பக்கத்தில் நின்றவரை வெட்டினேன். தோளில் இருந்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் உங்கள் தோளும் போய்விடும். பெயர் கேட்டான் ஃப்ளெக்ஸ்காரன். நான் வீடியோவில் கேட்டதை, இனிஷியலோடு, எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

மறுநாள் புது ஃப்ளெக்ஸ் ஏறியது. அத்தை கீழே நின்று பெயரைப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "இது ஒனக்கு யாரு சொன்னா? அவுக அம்மைக்குப் பொறவு இந்தப் பேர நானே சொன்னதில்லட்டி." சந்தில் பலர் அன்றுதான் அதை முதல் தடவையாகப் படித்தார்கள். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். தோளில் இருப்பது யார் கை என்று ஒருவரும் கேட்கவில்லை. சொந்தக்காரன் எவனோ என்று நினைத்திருப்பார்கள்.

டோம்பிவிலிக்காரர் மட்டும் வெகுநேரம் ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், "அன்னிக்கி எடுத்ததுதான்" என்றேன். அவர் கோட்டுப் பையிலிருந்து இடது கையை எடுத்தார். அதை நான் வெளியே பார்த்தது அன்றைக்குத்தான். படத்தில் இருந்த கைக்கு நேராக, எம்பித் தூக்கிப் பிடித்தார். அவருடையதில் மூன்று விரல். அங்கே ஐந்து.

"கொழந்தே, அந்த வீடியோவ அழிச்சுடு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வேண்டாம், இருக்கட்டும். அவர் சிரிக்கறாரே" என்றார். போகும்போது, கேட்காமலே, தன் பெயரை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மழை வலுத்துவிட்டது. ஃப்ளெக்ஸ் தண்ணீர் கோத்து உங்கள் தோள் பக்கம் கனத்துத் தொங்குகிறது. கை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி தெரிகிறது. ஒவ்வொரு மத்தியானமும் விரல்களை எண்ணுகிறேன். ஐந்துதான், எப்போதும்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நேற்றுகூட வாத்தியார் செருப்பை இடம் மாற்றினேன். ஆனால் இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் முதலில் பெயரைக் கேட்டுவிடுகிறேன். டீக்கடைக்காரருக்கு என்ன பெயர் தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியும். காரில் போகிற ஒரு மனிதருக்கு ஒரு நிமிஷத்தில் கேட்கத் தோன்றியதை, பக்கத்து வீட்டில் பதினேழு வருஷம் இருந்து நான் கேட்கவில்லையே மாமா. உங்கள் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. அது கூரையில் இருக்கிறது. ஒழுகாமல் இருக்கிறது.

ஒரு உதவி மட்டும். அங்கே உங்கள் ஷோ நன்றாகப் போகிறது என்றே வைத்துக்கொள்கிறேன். இடைவேளையில் அவர் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, அன்றைக்கு மெனு கார்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெண்ணின் பெயர் என்ன என்று கேட்பார். பழக்கம் அப்படி.

வாலு என்று மட்டும் சொல்லுங்கள் மாமா. வேறெதுவும் சொல்லிவிடாதீர்கள்.