ஆளில்லாத மேய்ச்சல் நிலம்

மார்ச் 4

அன்புள்ள மகாராணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். மாட்டு ஆஸ்பத்திரி மாடியில் அறை. கீழே கன்றுகள் கத்துகிற கத்தலில் அலாரமே தேவையில்லை. தண்ணீர் லாரி வாரம் இரண்டு முறைதான், குளியலும் அப்படித்தான். மூக்கைச் சுளிக்காதே.

மாவட்டக் கையேட்டுக்கு வரலாறு, மக்கள், வாழ்நிலை என்று மூன்று அத்தியாயம் எழுதித் தர வேண்டும். வாழ்நிலையைக் கண்ணாலேயே பார்க்கிறேன். வேலிக்கும் நாட்டின் எல்லைக்கும் நடுவே இவர்களுடைய வயல்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஏழு மணிக்கு வேலிக் கதவைத் திறப்பார்கள், நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள். சொந்த வயலில் களை எடுக்க அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மூன்று வகுப்புக்கு ஒரே வாத்தியார். அவரும் பாதி நாள் அட்டை புதுப்பிக்கிற வரிசையில் நிற்கிறார்.

ஒரு வேடிக்கை கேள். பழைய வரைபடத்தில் பதினேழு ஊர், அலுவலகப் பட்டியலில் பதினாறு. ஜீப் டிரைவரைக் கேட்டால், "அதெல்லாம் அந்தப் பக்கப் பேச்சு சார், விடுங்க" என்கிறார். சண்டையில் நீ என் வாயை அடைக்கச் சொல்வாயே, அதே 'விடுங்க'!

உன்னவன்

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் வந்தால் பெட்டியில் நான் வைத்த மாத்திரையைப் போடுங்கள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளின் புருஷன் இருமிக்கொண்டு திரிந்தால் எனக்குத்தான் கேவலம். சின்னவள் வகுப்பில் மேசையைக் கவிழ்த்துவிட்டு, "எங்க அப்பா வந்து பேசுவாரு" என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்.

பட்டியலில் பதினாறு என்றால் பதினாறுதான். உங்களை யார் ஊர் தேடச் சொன்னது? கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் வாருங்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, தெருமுனை வரை ஓடிப்போய்த் திருப்பி வாங்கினேன். "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றார் முதலாளி. தெரியவில்லை என்றேன்.

உங்கள் மனைவி

மார்ச் 29

அன்பே,

நீ சொல்லியும் கேட்காமல் போய்ப் பார்த்தேன். அந்தப் பதினேழாவது ஊர் இருந்த இடம் வேலிக்கு அப்பால். இடுப்பளவுச் சுவர்கள், தூர்ந்த கிணறு, பள்ளிக்கூடத்தின் படிகள் மட்டும் மூன்று. இங்கே மாவு மில் நடத்தும் அம்மாள் அந்த ஊர்க்காரர். "வேலி போடணும்னு ரெண்டு நாள் டைம் குடுத்தாங்க. அப்புறம் லாரி வந்துச்சு. பாதிப் பேரு அந்தப் பக்கம், பாதிப் பேரு இந்தப் பக்கம். அடுப்புல வச்சத இறக்கக்கூட விடல சார். முப்பத்தோரு வீடு" என்றார். இருபத்தெட்டு வருடம் ஆகிறதாம்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "ஆளில்லாத மேய்ச்சல் நிலம்னு ஒரு வரி போடுங்க. கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார். எதிர்த்துப் பேசத்தான் வாய் திறந்தேன். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. ஒரு வரிக்காக யாரோடு மல்லுக்கட்டுவது? நீ அங்கே தவித்துக்கொண்டிருக்கிறாய். போட்டுவிட்டு வருகிறேன்.

உன்னவன்

ஏப்ரல் 5

போடாதீர்கள்.

முப்பத்தோரு வீடு இல்லை, முப்பத்திரண்டு. கம்பவுண்டர் வீடு ஊரை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி இருந்தது. அந்த அம்மாள் எண்ண மறந்திருப்பார். நான் பிறந்தது அந்த வீட்டில்தான்.

எனக்கு ஏழு வயது. அப்பாவும் அண்ணனும் ஒரு லாரியில், அம்மாவும் நானும் இன்னொன்றில். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்றார்கள். அம்மா இறந்த பிறகு மாமா என்னைப் பள்ளியில் சேர்த்தபோது, பிறந்த ஊர் என்று தன் ஊரை எழுதினார். "உண்மையச் சொன்னா உன்னையும் அந்தப் பக்கம் அனுப்பிடுவாங்க" என்றார். அந்தப் பயம் என்னோடேயே வளர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு சொல்ல நினைத்தேன், நீங்கள் அரசாங்க வேலை. பிறகு சொன்னால் ஏமாற்றினேன் என்று ஆகிவிடும்.

அங்கே ஆட்கள் இருந்தார்கள். நான் இருந்தேன். உங்கள் கையால் இல்லை என்று எழுதாதீர்கள்.

ஏப்ரல் 12

அன்பே,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் கையெழுத்துப் போட்டு நாலு நாள் ஆகிவிட்டது. மேலதிகாரியிடம் ஓடினேன். "அச்சுக்குப் போயாச்சு, இப்ப வந்து கேட்டா எப்படி?" என்றார். தவறு என் மேல்தான் என்று எழுதிக் கொடுத்தேன். படிக்காமலே மேசை டிராயரில் போட்டார்.

பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். கோபமா வெட்கமா, எனக்கே பிடிபடவில்லை. மாவு மில் அம்மாளிடம், "கம்பவுண்டர் வீட்டை விட்டுட்டீங்களே" என்றேன். மில்லை நிறுத்திவிட்டார். "அந்தச் சுருட்டைமுடிக் குட்டி உசுரோட இருக்கா?" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறேன். நேரில் பேசுவோம்.

உன்னவன்

ஏப்ரல் 18

அன்புள்ள உங்களுக்கு,

கிளம்பாதீர்கள். நான் வருகிறேன். சின்னவளையும் கூட்டி வருகிறேன்.

சோதனைச் சாவடியில் அட்டையில் இருக்கிற ஊரைச் சொல்லப் போவதில்லை. பிறந்த ஊரைச் சொல்லி, அதை எழுதிக்கொள்ளச் சொல்வேன். என்ன செய்வார்கள் என்று தெரியாது. உங்கள் வேலைக்கும் வினையாகலாம். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

கோபம் இருக்கிறது. கையெழுத்து உங்களுடையது, அவசரப்படுத்தியது நான். ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வோம்.

இருபத்தாறாம் தேதி காலை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவோம். நீங்கள் வேலிக் கதவருகே இல்லாவிட்டாலும் நான் உள்ளே போகத்தான் போகிறேன்.

ஆனால் இருங்கள்.

உங்கள் மனைவி