நின்றுபோன ஒத்து

நாயனக்கார நண்பனுக்கு,

இந்த வயதில் எழுதக் கற்ற பிறகு என் முதல் கடிதம் இது. மூன்று நாளாக எழுதுகிறேன்.

தீபத் திருவிழாவில் நாம் வாசித்த கேசட்டைப் பேத்தி பூஜா கம்ப்யூட்டரில் போட்டு இரைச்சலை எடுத்துவிட்டாள். உன் தோடி அவ்வளவு துல்லியம்! சுருதிக்கு நான் ஊதிய ஒத்தும் கேட்கிறது.

“தாத்தா, இங்க உங்க ஒத்து நின்னுபோச்சே?” என்றாள்.

ஆமாம், நின்றிருக்கிறது. அன்று நீ அதைச் சொன்னபோது, “உன் காதுதான் செவிடு” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். முப்பது வருஷமாக நமக்குள் பேச்சில்லை.

“வேற எடத்துல இருந்து எடுத்து ஒட்டிடவா?” என்றாள்.

“வேணாம், இருக்கட்டும்” என்றேன். அங்கே நீ தனியாக வாசிக்கிறாய். சுருதி துளியும் விலகவில்லை. நாலு தடவை கேட்டுவிட்டேன்.

பூஜா எழுதித் தருவதாகச் சொன்னாள். தப்பை என் கையாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நானே எழுதினேன். வேங்கிக்காலில் என் வீட்டுக்கு ஒரு நடை வந்து கேசட்டைக் கேள்.

உன் ஒத்துக்காரன்