நீங்கள் பூட்டி வைத்த பிஷப்

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நலம் விசாரிக்க வழியில்லை. செய்தியை நேராகவே சொல்கிறேன். சனிக்கிழமை படப்பைக் கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டியில் நான் ஆடினேன். வருஷா வருஷம் நீங்கள் தனியாகப் போய்வந்த அதே போட்டி.

முதல் சுற்றில், பழக்க தோஷம், வெள்ளைக் காய்களின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். எதிராளி ஒரகடம் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசராம், முப்பது வயதிருக்கும். "இன்னா ஆன்ட்டி, என் சீட்ல குந்திகினீங்க? உங்களுக்குக் கறுப்பு" என்று சிரித்தார்.

நம் வீட்டில் நாற்பது வருஷமாக வெள்ளை எனக்குத்தானே? "ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் உட்கார்ந்து பாரேன், ஸ்டெல்லா" என்று கேட்டீர்கள். நான் உட்காரவில்லை. கறுப்பில் நீங்கள் எப்போதும் ஆடும் அந்த பிரெஞ்சு டிஃபென்ஸ் தொடக்கத்தை என்னவெல்லாம் சொன்னேன்! "சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, சொந்த பிஷப்பையே பூட்டி வைக்கிறீங்களே, இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"இருக்கட்டும்மா. அது வர்றப்ப வரும்" என்பீர்கள்.

கறுப்பில் எனக்கு வேறு தொடக்கமே தெரியாது. அவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நான் உங்களைப் போலவே ஒரு கட்டம். தோற்றால், நான் சொல்லிவந்தது சரி. ஜெயித்தால், நாற்பது வருஷம் உங்களுக்கு அநியாயம் செய்திருக்கிறேன். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

என் காய்களுக்கு நகர இடமே இல்லை. "சீக்கிரம் ஆடுங்க ஆன்ட்டி, செகண்ட் ஷிஃப்ட் பஸ் பூடும்" என்றார்.

"அதுக்குத்தான் தம்பி கடிகாரம் வெச்சிருக்காங்க" என்றேன்.

பிறகு அந்த பிஷப்பை நீங்கள் கூட்டிப்போகும் சுற்றுவழியிலேயே கூட்டிப்போனேன். ஒரு கட்டம் முன்னால், ஒரு கட்டம் பின்னால், அப்புறம் பலகையின் ஓரம்வரை ஒரே நீட்டு. இனி அவருடைய குதிரை அசைந்தால் அதன் பின்னாலிருக்கும் ராணி போய்விடும். அந்தக் குதிரை காத்துநின்ற நடுச் சிப்பாய் விழுந்தது. அரை மணியில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

"அந்த பிஷப்பு செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

"நானும்தான்" என்றேன்.

இரண்டாவது சுற்றில் தோற்றேன், வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டே. அதை விடுங்கள்.

நீங்கள் கேட்டபோது ஏன் இடம் மாறி உட்காரவில்லை? பெருமைதான், வேறென்ன? இனி ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பலகையை விரிப்பேன். கறுப்பு என் பக்கம் இருக்கும். முதல் நகர்த்தல் உங்களுடையது. அவசரப்படுத்த மாட்டேன்.

இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்ட
உங்கள் மனைவி,
ஸ்டெல்லா