அஞ்சலையம்மாள் வாக்குமூலம்

செப். 9, திங்கள்

வெயில் கடுமை. காற்றே இல்லை. மன்னார்குடியில் வாங்கிய ஆங்கிலப் புத்தகம், பக்கம் 41. இன்றைய தொடர்: ஒன்ஸ் இன் எ வைல். எப்போதாவது ஒரு தடவை என்று பொருள். வாக்கியத்தின் தலையிலும் வரலாம், வாலிலும் வரலாம். வாலில் வருவதுதான் அழகு. பயிற்சிக்கு நாலு வாக்கியம்:

எப்போதாவது சினிமாவுக்குப் போகிறேன்.
எப்போதாவது அண்ணனுக்குக் கடிதம் போடுகிறேன்.
எப்போதாவது மத்தியானம் தூங்குகிறேன். (பொய். ஞாயிறு தவறாமல்.)
எப்போதாவது சரோஜாவுக்குப் பூ வாங்குகிறேன்.

கடைசி வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டாள் சரோஜா. சொன்னேன். எழுதுவதற்கு மட்டும்தானா என்றாள்.

இலாகா பரீட்சை அடுத்த மாதம். என் இங்கிலீஷ் மொட்டை என்று ஹெட்கிளார்க் எல்லோர் முன்னாலும் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

செப். 11, புதன்

குத்தகை விசாரணை. ஊருக்கு ஊர் விவசாயச் சங்கக் கொடி ஏறியதிலிருந்து வாரம் நாலு வழக்கு. இன்று அஞ்சலை, வயது நாற்பது இருக்கும். புருஷன் செத்து மூன்று வருஷம். ஆறு மா குத்தகை நிலம், இரண்டு ஏக்கர் வரும், மிராசுதாருடையது. தானே வயலில் இறங்கிப் பாடுபடுகிறவரைச் சட்டப்படி வெளியேற்ற முடியாது. இவள் ஆள் வைத்துத்தான் செய்கிறாள், ஆகவே நிலத்தை விட வேண்டும் என்று மிராசு தரப்பு. இவளுக்கு வக்கீல் இல்லை. சங்கத்திலிருந்து வருவதாகச் சொன்ன ஆளும் வரவில்லை.

ஆபீசர் கேட்டதற்குச் சொன்னாள்: "உழவுக்கு மட்டும் ஆளுங்க. மத்த வேலையெல்லாம் அப்பப்ப நானே எறங்கிச் செஞ்சிருவேங்க."

வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதிக்கொண்டேன். வாக்கியத்தின் வாலில் ஒன்ஸ் இன் எ வைல். பிறகு தமிழில் படித்துக் காட்டினேன், அப்பப்ப நானே இறங்கிச் செய்வேன் என்று. தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தாள்.

ஹெட்கிளார்க் பார்த்துவிட்டு, இப்போதுதான் இங்கிலீஷ் மாதிரி இருக்கிறது என்றார். வரும் வழியில் மல்லிகை இரண்டு முழம்.

செப். 27, வெள்ளி

அஞ்சலை வழக்கில் உத்தரவு. டைப் அடித்தது நான். இரண்டாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. எதிர்மனுதாரர் தம் வாக்குமூலத்தின்படியே எப்போதாவதுதான் வயலில் இறங்குகிறார், எனவே அவர் சாகுபடி செய்பவர் அல்ல.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்தந்த வேலையை அந்தந்த நேரத்தில் தானே செய்துவிடுவதாகச் சொன்னாள். களை வந்தால் களை, தண்ணீர் வந்தால் மடை. அப்பப்ப. நான் அதை வருஷத்துக்கு ஒரு தடவை வேடிக்கை பார்க்கப் போகிறவள் போல ஆக்கிவிட்டேன். படித்துக் காட்டியபோது அவள் சொல்லையே திரும்பச் சொன்னேன். பிறகு ஏன் தலையாட்ட மாட்டாள்?

தமிழிலேயே எழுதலாம் என்று புது சர்க்கார் சுற்றறிக்கை வந்து நாளாயிற்று. எழுதியிருக்கலாம்.

ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "கைநாட்டு வச்சாச்சு. இனிமே தப்புன்னா அது உங்க தப்பு. பரீட்சை எழுதணுமா வேண்டாமா?" அப்பீல் போக முப்பது நாள் இருக்கிறது, அவள் பாடு என்றார்.

மீதி பக்கத்தையும் அடித்தேன்.

செப். 29, ஞாயிறு

தூங்கவில்லை. சைக்கிளில் அவள் ஊர். ஏழு மைல், செயின் இரண்டு தரம் கழன்றது. வயலில் முழங்கால் சேற்றில் இருந்தாள். நடவு, மூன்று பெண்களோடு நாலாவதாக. கரைக்கு வந்தாள். நிலம் போன விஷயம் முன்னமே தெரிந்திருந்தது.

"நான் வேற எப்புடிச் சொல்லியிருக்கணுங்க?"

"நீங்க சொன்னது சரிதாம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார் அஞ்சலையம்மாள். கோபம் இல்லை. "அப்ப நீங்களே மாத்திக் குடுத்துருங்க."

முப்பது நாளுக்குள் அப்பீல் போடச் சொன்னேன். என் பங்குக்கு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். சொன்னேன்.

அக். 14, திங்கள்

பரீட்சை. சுமார். மொழிபெயர்ப்புத் தாள் சுலபம்.

அக். 23, புதன்

அந்த அம்மாவும் அவர் தம்பியும் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். தஞ்சாவூரில் வக்கீல் பார்த்தாயிற்றாம். மொழிபெயர்ப்பு தவறு என்று எழுதியவரே ஒரு கடுதாசி கொடுத்தால் அப்பீல் நிற்கும் என்றாராம். ஹெட்கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாளைக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அக். 24, வியாழன்

லீவு. அவர்கள் வந்தபோது உள் அறையில் இருந்தேன். திருவாரூர் போயிருக்கிறேன் என்று சரோஜாவைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அந்த அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தது கேட்டது. "வந்தா சொல்லுங்கம்மா, நாள் கொஞ்சந்தான் இருக்கு."

சரோஜா சாப்பாடு போட்டாள். தான் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அக். 28, திங்கள்

கடுதாசி எழுதிவிட்டேன். நாலே வரி, தமிழில். மடித்துச் சட்டைப் பையில். தஞ்சாவூர் பஸ் ஒன்பதரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று. சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது கடுதாசி பையிலேயே இருந்தது. முப்பதாம் நாள் நேற்று ஞாயிறு, ஆகவே இன்றோடு கெடு முடிந்தது. கடுதாசி இல்லாமலே அப்பீல் போட்டார்களா என்று கேட்க வாய் வரவில்லை.

நவ. 6, புதன்

அப்பீல் போடவில்லை. வக்கீல் என் கடுதாசி இல்லாமல் முடியாது என்றுவிட்டாராம்.

நிலம் ஒப்படைப்பு. ஆபீசரோடு நானும். போலீஸ் வேன் ரோட்டில். தகராறு எதுவும் இல்லை. பயிர் ஒரு முழம், நல்ல பச்சை. ஒப்படைத்ததற்கான மகஜர் எழுதினேன், இந்த முறை தமிழில். அந்த அம்மா வரப்பில் நின்றிருந்தார். என்னை ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று குனிந்தே எழுதினேன். மிராசுவின் காரியக்காரரிடம்தான் பேசினார்.

"மேல மூலைல தண்ணி நிக்கும். மழை வந்தா ஒடனே வடிய விட்டுருங்க. இல்லாட்டி பயிரு அழுவிப்போயிரும்."

பார்த்துக்கொள்கிறோம் என்றார் காரியக்காரர்.

நவ. 8, வெள்ளி

நேற்று முழுக்க அடைமழை. காலையில் பரீட்சை முடிவு, பாஸ். ஹெட்கிளார்க் ஸ்வீட் கேட்டார். மத்தியானம் சொல்லாமல் கிளம்பி அந்த வயலுக்குப் போனேன். மேல மூலை முழுக்கத் தண்ணீர், பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. ஆள் யாரும் வரவில்லை. பக்கத்து வயல்காரரிடம் மண்வெட்டி வாங்கிக்கொண்டு இறங்கினேன். வரப்பை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தெரியவில்லை.